கிழிசலுக்கும் ஒரு விலைச்சீட்டு

கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது, இரண்டு முழங்காலும் கிழிந்த ஜீன்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் வந்து நின்றால், அம்மா கேட்கும் முதல் கேள்வி ஹட்டனிலும் ஒன்றுதான், தலவாக்கலையிலும் ஒன்றுதான்: "இதையா காசு குடுத்து வாங்குன?" பிள்ளை சிரிக்கும். "இதுதாம்மா இப்ப ஸ்டைல்" என்று பேச்சை முடித்துவிடும். கேட்டவர் பழைய காலத்து மனுஷி, பதில் சொன்னது புதிய தலைமுறை என்று நாமும் அதை அத்தோடு விட்டுவிடுகிறோம். எனக்கு அப்படி விட மனமில்லை. அந்தக் கேள்விக்குள் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஒரு துணியை நெய்து, வெட்டி, தைத்து முடித்தபிறகு அதைக் கிழிப்பதற்கும் காசு வாங்குகிறார்கள் என்றால், அந்தக் காசு எதற்கான விலை? துணிக்கா, தையலுக்கா, கிழிசலுக்கா, இல்லை இவை எதிலும் சேராத வேறொன்றுக்கா? இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் துருவப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

எந்த மாதிரிக் கடையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஹட்டன் நகரத்துப் புடவைக் கடையில் துணி கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். கேட்டால் எடுத்து விரித்துப் போடுவார்கள். விலையைப் பேசலாம், தெரிந்த ஆள் என்றால் பாதியைச் சம்பளத்துக்குப் பிறகு கொடுக்கலாம். கொழும்பின் பெரிய மோல்களில் இருக்கும் அடாவடி ஸ்டைல் கடை இதற்கு நேர் எதிர். சுவர் கறுப்பாக இருக்கும், இல்லாவிட்டால் பூசாத சிமெந்தாக இருக்கும். விளக்கெல்லாம் உடுப்பின் மேல். ஆட்கள் நடக்கும் இடம் அரை இருட்டு. நீளமான கம்பியில் பத்துப் பன்னிரண்டு உடுப்புத்தான் தொங்கும், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு. விலைச்சீட்டு வெளியே தெரியாது. கொலருக்குள்ளோ இடுப்புப் பட்டிக்குள்ளோ மடங்கிக் கிடக்கும். கையை விட்டுத் தேடி எடுக்கவேண்டும், தேடுகிற நேரத்தில் பணியாளர் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். அங்கே தொங்குவது என்ன? கிழித்த ஜீன்ஸ், சாயம் போனது போலவே சாயமிட்ட டீசேர்ட், ஓரம் மடித்துத் தைக்காமல் நூல் தொங்கவிட்ட சட்டை, மேசன் வேலைக்குப் போகிறவர் போடுவதைப் போன்ற தொளதொளத்த ஜக்கெட், தொழிற்சாலையிலேயே அழுக்குப் பூசிய வெள்ளைச் சப்பாத்து.

இந்தக் கடையைப் பற்றி என் வாதம் இதுதான்: அங்கே விலை என்பது பொருளின் மேல் ஒட்டிய எண்ணாக மட்டும் இருப்பதில்லை, விலையே பொருளாகிவிடுகிறது. கிழிந்ததைப் போட்டுக்கொண்டு போனாலும் யாரும் நம்மை இல்லாதவர் என்று நினைத்துவிடமாட்டார்கள் என்ற உத்தரவாதத்தைத்தான் அங்கே காசு கொடுத்து வாங்குகிறோம். கிழிசல் இலவசம், உத்தரவாதம்தான் இருபதாயிரம். அந்த உத்தரவாதம் இல்லாமல் வாழ்வது எப்படிப்பட்டது என்பது மலையகத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத பாடம்.

ஆதாரத்துக்கு நுவரெலியாவுக்கே போகலாம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு ஏப்ரல் வசந்த காலத்தில் ஏறிவரும் கொழும்புக்காரர்கள் குதிரைப் பந்தயத்தைத் தவறவிட்டாலும் பேல் பசாரைத் தவறவிடுவதில்லை. ஜக்கெட், ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, கையுறை என்று தலைக்கு மேலும் தொங்கவிட்ட சிறு கடைகள். ஏற்றுமதிக்காகத் தைத்து மிஞ்சியவை, சிறு குறைக்காகக் கழிக்கப்பட்டவை, வெளிநாட்டிலிருந்து பொதியாக வந்த பழையவை எல்லாம் அங்கே கலந்து கிடக்கும். நல்ல ஜக்கெட்டாகப் பார்த்து ஒன்றைக் கையில் எடுத்து, கழுத்துப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பெயர்ப்பட்டியின் நடுவே கத்தரியால் ஒரு வெட்டு விழுந்திருக்கும். சிலவற்றில் பட்டி பாதியாக நறுக்கியிருக்கும். சிலவற்றில் கறுப்பு மையால் ஒரு கோடு. சிப் அதே சிப். உள்ளே அடைத்த பஞ்சு அதே பஞ்சு. தையலும் வெளிநாட்டு வாங்குநரின் ஆள் வந்து சரிபார்க்கும் அதே ஏற்றுமதித் தையல். வெட்டுப்பட்டது விரல் நீளத் துணித்துண்டு ஒன்றுதான். விலையோ மலையிலிருந்து உருட்டிவிட்டது போல விழுந்திருக்கும். பிராண்ட் கம்பனிகள் மிச்ச உடுப்பை வெளியே விடும்போது பெயர்ப்பட்டியை வெட்டச் சொல்வதே, விலை எங்கே தங்கியிருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கான சாட்சி. அதே பசாரில் இதற்கு மறுபக்கமும் உண்டு: சாதாரண ஜக்கெட்டில் பிரபலமான பெயரை ஒட்டித் தைத்திருப்பார்கள். ஒரு பக்கம் வெட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் ஒட்டுகிறார்கள். இரண்டு கத்தரியும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன.

இது சந்தைக் கடையின் கதைதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கொழும்பின் நாகரிகக் கடைகளில் முன்வரிசையில் இருக்கும் ஓடெல்லின் தொடக்கமும் இதே மிச்ச உடுப்புத்தான். ஒட்டாரா குணவர்தன 1989ல் தொழிற்சாலைகளில் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சியவற்றை வாங்கி, தன் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கினார் என்பது நாடறிந்த வரலாறு. பிறகு அது அலெக்சாண்ட்ரா பிளேசில் பெரிய கடையாக வளர்ந்தது. 2010ல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2014ல் சொஃப்ட்லொஜிக் குழுமத்தின் கைக்குப் போனது. அவருடைய சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிச்சம் என்று கழித்ததை வெளிச்சத்தில் தொங்கவிட்டு, நல்ல பையில் போட்டுக் கொடுத்தால் அது மிச்சமாக இராது என்று கண்டுபிடித்தது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பின் பொருளைக் கவனியுங்கள். பேல் பசாருக்கும் பளபளக்கும் கடைக்கும் ஊற்று ஒன்று. 1978ல் கட்டுநாயக்கவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயமும், 1992ல் பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் பெருக்கிய தொழிற்சாலைகள்தான் இரண்டுக்கும் தாய்வீடு. தோட்டங்களிலிருந்து போன பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தத் தையல் வரிசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே கை தைத்தது, போகும் இடத்தைப் பொறுத்து இரண்டு விலையாகப் பிரிகிறது.

இப்போது கிழிசலுக்கு வருவோம். லண்டனில் கிங்ஸ் ரோட் 430ஆம் இலக்கக் கடையில் விவியன் வெஸ்ட்வுட்டும் மல்கம் மக்லாரனும் 1970களின் நடுவில் ஊக்குக் குத்திய, கிழித்த, கண்டபடி எழுதிய உடுப்புகளை விற்றார்கள். வேலையில்லாத பிள்ளைகளின் கோபம் என்று அது பேசப்பட்டது. கடையின் விலையோ அந்தப் பிள்ளைகளின் கைக்கு எட்டாதது. அவர்கள் வீட்டில் இருந்த சட்டையைத் தாங்களே கிழித்து ஊக்குக் குத்திக்கொண்டார்கள். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் ரெய் கவாகுபோ, பின்னல் இயந்திரத்தின் திருகாணிகளைத் தளர்த்தி, ஓட்டை ஓட்டையாக வரும்படி பின்னிய கறுப்பு ஸ்வெட்டரைப் பாரிஸில் காட்டினார். தெருவில் மூட்டையோடு திரியும் கிழவிக் கோலம் என்று அன்று கேலி செய்தார்கள். இன்று அவருடைய உடுப்புகள் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. 2022ல் பலென்சியாகா கம்பனி, குப்பையிலிருந்து எடுத்தது போல நைந்து, அழுக்கேறி, விளிம்பெல்லாம் பிய்ந்த சப்பாத்தை 100 சோடி மட்டும் செய்து, சோடி 1,850 அமெரிக்க டொலருக்கு விலைக்கு வைத்தது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் தெளிவாகும்: பெயரும் விலையும் பிணை நிற்காமல் எந்தக் கிழிசலும் ஃபேஷனாகவில்லை. அந்தச் சப்பாத்திலிருந்து விலையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பிய்ந்த சப்பாத்து.

நம் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. சென்னைச் சுற்றுவட்டாரத்தில் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணி தண்ணீர் பட்டால் சாயம் விடும். நெய்தவருக்கும் தெரியும், உடுத்தவருக்கும் தெரியும். முதல் இரண்டு சலவைக்குத் தனியாகப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். 1958ல் அது நியூயோர்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய சி. பி. கிருஷ்ணன் நாயர் அந்த வியாபாரத்தில் இருந்தார். சலவை பற்றிய எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை; சாயம் ஓடியது; வாங்கியவர்கள் கொதித்தார்கள். வழக்குக்குப் போகவிருந்த விஷயத்தை, ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் காட்டும் அதிசயத் துணி என்று விளம்பரம் செய்து தலைகீழாக்கினார்கள் என்றுதான் அந்தக் கதை சொல்லப்படுகிறது. குறை அப்படியே இருந்தது. யார் சொன்னார்கள் என்பது மாறியது. இன்னும் கிட்டத்தில் பார்த்தால், 2018ல் சாரா கம்பனி 69.99 பவுணுக்கு ஒரு பாவாடையை விற்றபோது, அது எங்கள் அப்பாமார் வேலைவிட்டு வந்து மேல்கழுவிக் கட்டிக்கொள்ளும் சாரம்தானே என்று ஆசியாக்காரர்கள் எல்லாரும் இணையத்தில் சிரித்தார்கள். சிரிப்புச் சரிதான். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்தச் சாரத்தைக் கட்டிக்கொண்டு அந்த அப்பா அதே கடைக்குள் போனால் வாசலில் நிற்கும் காவலாளி என்ன செய்வார்?

இங்கேதான் மலையகத்தின் சொந்த வரலாறு குறுக்கே வருகிறது. தோட்டத்தில் உடுப்பு ஒருநாளும் வெறும் உடுப்பாக இருந்ததில்லை. பழைய காலத்தில் மழைக்கும் குளிருக்கும் கொடுத்த கம்பளியே கடனாகத்தான் வந்தது. அரிசியைப் போல அதுவும் கணக்கில் ஏறி, சம்பளத்தில் கழிந்தது. துரை வரும் பாதையில் செருப்புப் போடக்கூடாது, விரித்த குடையை மடக்கவேண்டும், தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வரவேண்டும் என்பவை மலையகத்தின் வாய்மொழி வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்திகள். கொழுந்து மலையில் இடுப்பில் கட்டிய படங்கும், தலையில் மடித்துப் போட்ட சாக்கும் தேயிலைச் செடியின் குச்சியிலிருந்தும் அட்டையிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கும் கவசம். ஆனால் அதுவே தூரத்தில் வரும்போதே ஆள் யாரென்று சொல்லிவிடும் அடையாளமும் ஆனது. வெளியார் நுழையத் தடையிருந்த அந்தத் தோட்டங்களுக்குள் தொழிலாளரின் நிலையை நேரில் அறிய நினைத்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில்தான் உள்ளே போனார் என்பது வரலாறு. பேச்சாளருக்கும் பத்திரிகைக்காரருக்கும் மூடியிருந்த கதவு, துணிமூட்டைக்குத் திறந்திருந்தது. பின்னாளில் ஹட்டனை மையமாகக் கொண்டு அவர் கட்டிய தொழிற்சங்கத்தின் முதல் நுழைவுச்சீட்டு அந்தத் துணிமூட்டைதான்.

அதனால்தான் தோட்டத்து மக்கள் டவுனுக்குப் போகும்போது உடுத்தும் விதத்தை வெறும் பகட்டு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரதேச செயலகத்துக்கோ வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற நாளில் சேலை மடிப்புக் கலையாமல் இருக்கும். சட்டை அயன் பண்ணி விறைப்பாக நிற்கும். பிள்ளையின் தலை எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவியிருக்கும். கொஞ்சம் கசங்கிப் போனாலும் "தோட்டக்காட்டான்" என்ற சொல் எங்கிருந்தாவது பறந்து வரும் என்று மூன்று தலைமுறை கற்றுவைத்திருக்கிறது. தீபாவளிக்கு முன் தோட்டம் கொடுக்கும் முற்பணத்தில் பெரும்பங்கு ஹட்டன் புடவைக் கடைகளுக்குப் போய்ச்சேருவதும், அது பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிந்துகொண்டே இருப்பதும் இதே பாடத்தின் தொடர்ச்சி. அடம் ஸ்மித் 1776ல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலிலேயே இதை எழுதியிருக்கிறார்: லினன் சட்டை உயிர்வாழத் தேவையான பொருள் இல்லை, ஆனால் தன் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மானமுள்ள கூலியாள் அது இல்லாமல் நாலுபேர் முன்னால் வரக் கூசுவான், அதனால் அதையும் அத்தியாவசியப் பொருளாகவே கொள்ளவேண்டும் என்கிறார். எங்கள் ஊரில் அந்த லினன் சட்டையின் இடத்தில் அயன் பண்ணிய சட்டை இருக்கிறது. சுத்தமாகவும் முழுசாகவும் உடுத்துவது இங்கே ஒரு தற்காப்பு. கிழிந்ததை உடுத்துவது ஸ்டைலாக இருக்கவேண்டுமானால், அந்தத் தற்காப்புத் தேவையில்லாத இடத்தில் ஒருவர் நிற்கவேண்டும். கடை விற்பது அந்த இடத்தின் ஒருநாள் வாடகையை.

உடுப்பின் பொருளைத் தாங்களே தீர்மானித்த ஒரு நாளும் மலையக இளைஞர்களுக்கு உண்டு. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் கறுப்பு உடுத்திக் காலிமுகத்திடலில் கூடினார்கள். அப்போது அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். அந்தக் கறுப்புச் சட்டைகள் எந்தக் கடையில் வாங்கியவை என்று யாரும் கேட்கவில்லை; அவற்றின் பெறுமதி போட்டிருந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதில் இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே திடலின் ஓரத்தில் வன் கோல் ஃபேஸ் மோல் திறந்தது. கேட்ட 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். 1,700 ரூபாய் என்று 2024ல் வந்த அறிவிப்பைத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. அந்த ஆண்டு செப்டம்பரில் 1,350இல் நின்றது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 சேர்த்துக் கொடுக்கும் என்று 1,750க்குக் கொண்டுவந்தது. இருபதாயிரம் ரூபாய் ஜீன்ஸ் ஒன்றை இந்தக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். கேட்ட கிலோவுக்குக் கொழுந்து நிறுத்து, அரைப்பேர் விழாமல் முழுப்பேர் வாங்கி, ஈபிஎஃப் பிடிப்பையும் மறந்துவிட்டு எண்ணினாலும் பதினொரு நாளுக்கு மேல் மலையில் நிற்கவேண்டும்.

சரி, எதிர்வாதங்களைக் கேட்போம். முதலாவது: ஜீன்ஸே உழைப்பாளியின் உடுப்புத்தானே, உழைப்பவரின் உடுப்பு நாகரிகமாவது உழைப்புக்குக் கிடைக்கும் மரியாதை இல்லையா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் 1873 மே 20ஆம் திகதி காப்புரிமை வாங்கியது, கூலியாட்களின் கால்சட்டைப் பை கிழியாமல் இருக்கச் செப்பு ஆணி அடிக்கும் முறைக்கு. கிழியக்கூடாது என்பதுதான் ஜீன்ஸின் பிறப்பு இரகசியமே. இன்று அதே ஜீன்ஸைக் கிழிக்கவும் தேய்க்கவும் வெளுக்கவும் தனியாக ஆட்கள் வேலை செய்கிறார்கள். துணி மேல் மணலைப் பீய்ச்சி அடித்துப் பழசாக்கும் வேலையில் துருக்கியின் இளம் தொழிலாளர் பலருக்கு நுரையீரலில் சிலிக்காத் தூசு படிந்து, மூச்சுவிட முடியாத நோய் வந்தது, இறந்தவர்களும் உண்டு. துருக்கி அரசு அந்த முறையை 2009ல் தடைசெய்தது. அடுத்த ஆண்டு லீவைஸ், எச் அண்ட் எம் கம்பனிகளும் கைவிடுவதாக அறிவித்தன. ஒருவர் பல வருஷம் உழைத்துத் தேய்த்தது போலத் தோன்றவேண்டும் என்பதற்காக இன்னொருவர் ஆயுளைத் தேய்த்த கதை இது. இதை மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. வடிவமைப்பாளரின் மூளை, கடை வாடகை, இறக்குமதி வரி, விற்காமல் தேங்கும் உடுப்பின் நட்டம் எல்லாம் விலைக்குள் இல்லையா? இருக்கின்றன, மறுக்கவில்லை. நல்ல வெட்டுக்கும் நல்ல துணிக்கும் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். ஆனால் அந்தச் செலவெல்லாம் சேர்ந்தும் ஏன் பெயர்ப்பட்டியை வெட்டியதும் விலை விழுகிறது என்பதற்கு அது பதிலாகவில்லை. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு பாடப்புத்தகம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. தோட்டத்துத் தூள் 1883இலிருந்து கொழும்பு ஏலத்தில் தோட்டத்தின் முத்திரைப் பெயரோடு விற்கப்படுகிறது. கப்பலேறியதும் பத்துத் தோட்டத்துத் தூள் ஒன்றாகக் கலந்து வேறொருவரின் பெயரில் பெட்டிக்குள் போய்விடும். பெரிய இலாபம் பெட்டியின் பெயருக்குத்தான் என்று கண்டதால்தான் மெரில் பெர்னாண்டோ 1980களில் டில்மாவைத் தொடங்கி, விளைந்த இடத்திலேயே பெட்டியில் அடைத்து விற்கவேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். கொழுந்தையும் தையலையும் கொடுப்பவர் ஒரு முனையில், பெயரை வைத்திருப்பவர் மறுமுனையில். பெயர் வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை ஏற்கலாம். அந்த விலை கொழுந்தின் தரம்போலவோ துணியின் தரம்போலவோ பேசப்படும்போதுதான் கணக்குப் பிசகுகிறது.

மூன்றாவது எதிர்வாதத்தைச் சொல்பவர்கள் கோபமாகவே சொல்வார்கள்: தோட்டத்துப் பிள்ளை தன் உழைப்பில் விருப்பமானதை வாங்கினால் உனக்கென்ன, பணக்காரப் பிள்ளைக்கு இப்படி உபதேசம் செய்வாயா? இந்தக் கோபம் நியாயமானது. நான் அதன் பக்கம்தான். முற்பணத்தைச் சேலையில் போடுகிறார்கள், சம்பளத்தைப் போனில் போடுகிறார்கள் என்று மேலே இருந்துகொண்டு கணக்குக் கேட்பவர்களை எனக்கும் பிடிப்பதில்லை. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் நின்று பகல் முழுக்க அடுத்தவருக்கு உடுப்பு மடித்துக் கொடுக்கும் பிள்ளைக்கு, தானும் ஒருநாள் வாடிக்கையாளராக உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நிற்கவேண்டும் என்ற ஆசை வந்தால் அதில் பிழையே இல்லை. நான் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பிள்ளைக்கு அதே பொருள் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. உத்தரவாதம் மோலின் கதவுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். ஹட்டன் பஸ்ஸில் ஏறியதும் பெயர்ப்பட்டி முதுகுக்குள் மறைந்துவிடும், கிழிசல் மட்டும் வெளியே தெரியும். வசதியான வீட்டுப் பிள்ளையின் உத்தரவாதமோ அவர் பேசும் இங்கிலிஷிலும், படித்த பள்ளிக்கூடத்தின் பெயரிலும், வீட்டு விலாசத்திலும் இருக்கிறது. அவர் பேல் பசார் உடுப்பைப் போட்டாலும் அது கூடவே போகும். ஒரே காசு கொடுத்து இருவரும் வாங்கியது ஒரே பொருள் இல்லை.

"அப்படியானால் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவு விலைக்கு வாங்கிய கிழிந்த ஜீன்ஸோடு திரியும் பொடியன்மாரை என்ன சொல்கிறாய்?" என்று கேட்கலாம். அவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கறுப்புச் சுவரும் உரத்த பாட்டும் வைத்துக் கடை விற்பதாகச் சொல்லும் துணிச்சல், யாரும் பிணை நிற்காமல் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு டவுனில் நடக்கும் அந்தப் பொடியனிடம்தான் இருக்கிறது. தாத்தா குடையை மடக்கிய பாதையில் பேரன் முழங்காலைக் காட்டிக்கொண்டு போகிறான். தப்பாக நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவன் எடுத்திருக்கும் ஆபத்து நிஜமான ஆபத்து. காசு கொடுத்து அந்த ஆபத்தை நீக்கிய பிறகு போடும் கிழிசலில் அடாவடி எதுவும் மிச்சமில்லை. நாலாவதாக, இந்தக் கடைகள் ஓடினால்தானே எங்கள் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வேலை என்பார்கள். வேலை தேவைதான், நாட்டின் ஆடை ஏற்றுமதி 2022ல் 500 கோடி டொலரைத் தாண்டியது, தேயிலையின் வருமானத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் பெயர்ப்பட்டிக்குக் கொடுக்கும் காசு தையல் வரிசைக்குத் திரும்பி வருவதில்லை என்பதைத்தான் வெட்டுப்பட்ட பட்டி காட்டுகிறது. அவர்களுக்காக வாதாடுகிறவர் தையல் கூலியைப் பற்றி வாதாடலாமே.

ஆக, கடைக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். உடுப்பை உட்பக்கமாகத் திருப்பித் தையலைப் பாருங்கள், சிப்பை இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள், துணியைக் கசக்கிவிட்டு எத்தனை நேரத்தில் நிமிர்கிறது என்று பாருங்கள். அவற்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மனசுக்குள் ஒரு தொகை போட்டுவிட்டுப் பிறகு கொலருக்குள் கையை விடுங்கள். இரண்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம்தான் உத்தரவாதத்தின் விலை. அது உங்களுக்குத் தேவையா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் அந்த உத்தரவாதம் கடையில் விற்கும் பொருளாக இருப்பதே ஒரு சமூகத்தின் குறை. சாயம் போன சேலையோடு வங்கிக்குப் போன அம்மாவையும் "நீங்க" என்று விளித்து உட்காரச் சொல்கிற நாடு, கொழுந்து பறிப்பவரின் வீட்டுக்குத் தனி விலாசம் கொடுத்துக் கடிதத்தை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற நாடு, அதை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடும். அன்றைக்கு அந்தக் கறுப்புச் சுவர்க் கடைக்காரர், துணிக்கும் தையலுக்கும் எவ்வளவோ அவ்வளவை மட்டும்தான் விலைச்சீட்டில் போடமுடியும்.